பழைய லேத்தை சி.என்.சி. ஆக்கப் போகிறீர்களா? இறங்கும் முன் இதைப் படியுங்கள்

கோவை கணபதியில் எங்களுடையது மூன்று லேத், ஒரு மில்லிங், ஒரு டிரில்லிங் மெஷின் கொண்ட சின்னப் பட்டறை. பம்ப் கம்பெனிகளுக்கு ஷாஃப்ட், புஷ் கடைந்து கொடுக்கும் ஜாப் ஒர்க்தான் பிழைப்பு. கம்ப்யூட்டர் புரோகிராம்படி தானாக ஓடும் புது சி.என்.சி. லேத்துக்கு விலை கேட்டோம். வாங்கினால் தவணை கட்டுவதற்காகவே இரண்டு ஷிஃப்ட் ஓட்ட வேண்டியிருக்கும் என்று தெரிந்தது. சரி, இருக்கிற ஆறடி லேத் ஒன்றையே மாற்றிவிடுவோம் என்று இறங்கினேன். என் கணக்கு 3 வாரம், 2 லட்சம் ரூபாய். ஆனது 11 வாரம், 3.55 லட்சம். இப்போது மெஷின் நன்றாகவே ஓடுகிறது. ஆனால் வீணாய்ப் போன பணமும் நாளும், யாராவது முன்கூட்டிச் சொல்லியிருந்தால் மிச்சமாகியிருக்கும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

1. எந்த மெஷின், எந்த ஜாப்?

இருப்பதிலேயே மோசமான மெஷினைத்தான் எல்லோரும் முதலில் கையைக் காட்டுவார்கள். "சும்மாதானே கிடக்கிறது, அதை மாற்றலாம்" என்பார்கள். செய்யாதீர்கள். லூசான மெஷினில் கம்ப்யூட்டரை மாட்டினால் அது லூசாகவே, ஆனால் வேகமாக ஓடும். கைக்காரர் ஹேண்டிலைப் பிடித்திருக்கும்போது அந்த லூஸை அவர் கை சரிக்கட்டிக் கொள்ளும். மோட்டாருக்கு அந்தக் கை கிடையாது. இருப்பதில் நல்ல மெஷினை எடுங்கள்.

ஜாப்பையும் பாருங்கள். ஒரே பீஸ் 200, 300 என்று திரும்பத் திரும்ப வருகிறதா? அப்படியானால் மாற்றுவதில் அர்த்தம் இருக்கிறது. ரிப்பேர் வேலையாக ஒன்று, இரண்டு பீஸ் வந்து போகும் பட்டறை என்றால் புரோகிராம் எழுதி டூல் செட் செய்வதற்குள் உங்கள் டர்னர் கையாலேயே முடித்து டீ குடிக்கப் போயிருப்பார்.

2. இரும்பைச் சோதியுங்கள், ஒரு ரூபாய் செலவழிக்கும் முன்

ஒரு டயல் கேஜும் ஒரு மைக்ரோமீட்டரும் போதும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையை இதற்கு ஒதுக்குங்கள்.

முதலில் பெட், அதாவது லேத்தின் நீளமான அடித்தளம். லேத்தில் தேய்மானம் பீஸைப் பிடிக்கும் சக்குப் பக்கத்தில்தான் அதிகம், ஏனென்றால் டூலைச் சுமக்கும் சேடில் பெரும்பாலும் அங்கேதான் ஓடுகிறது. எதிர்முனையில், டெயில் ஸ்டாக் பக்கம் பெட் புதிது போலவே இருக்கும். சேடிலின் கிப்பை (லூஸை இறுக்கும் பட்டையை) சக்குப் பக்கத்தில் வைத்து டைட் செய்யுங்கள். பிறகு சேடிலை டெயில் ஸ்டாக் பக்கம் தள்ளிப் பாருங்கள். அங்கே போய் இறுகி நின்றால் பெட் தேய்ந்திருக்கிறது. எத்தனை மைக்ரான் என்று தெரிய, 250 மி.மீ. நீளக் கம்பியை டெயில் ஸ்டாக் கொடுக்காமல் சக்கில் மட்டும் பிடித்து, லேசான கட்டாக ஒரே ஓட்டம் ஓட்டி, மூன்று இடத்தில் அளந்து பாருங்கள்.

அடுத்து ஸ்பிண்டில், அதாவது சக்கைச் சுற்றும் அச்சு. சக்குக்கு மேல் டயலை வைத்து, கீழிருந்து ஒரு மரக்கட்டையால் நெம்புங்கள். முள் 0.02 மி.மீ.க்கு மேல் எழுந்தால் பேரிங்கை முதலில் பாருங்கள்.

டூலைக் குறுக்காக நகர்த்தும் கிராஸ் ஸ்லைடில் ஹேண்டிலை முன்னும் பின்னும் திருப்பி எவ்வளவு சும்மா சுற்றுகிறது என்று பார்த்தீர்களானால் பயந்துவிடுவீர்கள். எங்களுடையதில் 0.35 மி.மீ. இருந்தது. இதற்கு மட்டும் கவலைப்பட வேண்டாம். பழைய ஸ்க்ரூவையும் நட்டையும் எப்படியும் கழற்றத்தான் போகிறோம்.

நான் செய்த பெரிய தப்பு இந்த இடத்தில்தான். பெட்டில் சக்குப் பக்கம் 0.12 மி.மீ. பள்ளம் இருப்பது தெரிந்தும், மோட்டார், கன்ட்ரோலர் எல்லாம் வாங்கி மாட்டி முடித்தேன். 100 மி.மீ. ஷாஃப்ட்டில் இரண்டு முனைக்கும் விட்டம் ஒத்துவரவில்லை. எல்லாவற்றையும் மறுபடி கழற்றி, பெட்டை கிரைண்டிங்குக்கு அனுப்பி, சேடிலை ஸ்க்ரேப் செய்து, மீண்டும் மாட்டினோம். நான்கு வாரம் போனது. பெட் கிரைண்டிங் தேவையென்றால் அது முதல் வேலை. மற்றதெல்லாம் அதற்குப் பின்னால்தான்.

பெட்டைக் கிரைண்ட் செய்தால் சேடில் கீழே இறங்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். பழைய லீட் ஸ்க்ரூவையும் ஏப்ரனையும் கழற்றிவிட்டுப் பால் ஸ்க்ரூ (நட்டுக்குள் குண்டுகள் உருளும் ஸ்க்ரூ) போடுவதால் அந்தப் பக்கம் பிரச்சினை இல்லை. டெயில் ஸ்டாக் உயரத்தை மட்டும் சரிபார்க்க வேண்டும்.

3. காகித வேலை

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகத் தோன்றும். போகாதீர்கள்.

உத்யம் பதிவு (சிறு தொழிலுக்கான அரசுப் பதிவு) இல்லையென்றால் முதலில் எடுங்கள். ஆதார், பான் எண் போதும், ஜி.எஸ்.டி. பதிவு இருப்பவர்கள் அந்த எண்ணையும் கொடுக்க வேண்டும். இது முழுக்க இலவசம். அரசு தளம் போலவே தோற்றம் காட்டி 1,500, 2,000 ரூபாய் கேட்கும் தளங்கள் இருக்கின்றன, முகவரியின் கடைசியில் gov.in இருக்கிறதா என்று பார்த்துவிட்டு உள்ளே போங்கள்.

மெஷின் வங்கிக் கடனில் அடமானமாக இருந்தால், கழற்றும் முன் கிளையில் ஒரு கடிதம் கொடுத்து முத்திரை வாங்கிக் கொள்ளுங்கள். இன்ஷூரன்ஸ் இருந்தால் அங்கேயும் தெரிவியுங்கள். மாற்றிய பிறகு மதிப்பு கூடுகிறது, பாலிசியில் பழைய மதிப்பே இருந்தால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

மானியம் எதிர்பார்ப்பவர்கள், பொருள் வாங்கும் முன் மாவட்டத் தொழில் மையத்தில் போய்க் கேளுங்கள். திட்டங்கள் பெரும்பாலும் புது இயந்திரத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. பழைய மெஷினுக்குப் பாகம் பாகமாக வாங்கிய பில்களை எடுத்துக்கொண்டு பிறகு போனால் வேலைக்கு ஆகாது. கடனுக்கும் இதே கதை. ஏழு கடையில் ஏழு பில் என்றால் மேனேஜர் தலையைச் சொறிவார். கடன் வேண்டுமென்றால் முழு வேலையையும் ஒரே ஆளிடம் ஒரே கொட்டேஷனாக வாங்குங்கள்.

ஜி.எஸ்.டி.யில் பதிவு செய்தவர் என்றால் எல்லாப் பொருளையும் உங்கள் எண் போட்ட பில்லில் வாங்குங்கள். உள்ளீட்டு வரி திரும்பக் கிடைக்கும். அப்படி எடுத்துக்கொண்ட வரித்தொகைக்கு வருமான வரியில் தேய்மானம் காட்டக் கூடாது, ஆடிட்டரிடம் சொல்லிவிடுங்கள். காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு இந்த உள்ளீட்டு வரி கிடையாது, அவர்கள் வரியையும் செலவில் சேர்த்தே கணக்குப் போட வேண்டும்.

பெட்டை கிரைண்டிங்குக்கு அனுப்பும்போது டெலிவரி சலான் போடாமல் லாரியில் ஏற்றாதீர்கள். மதிப்பு தமிழ்நாட்டுக்குள் 1 லட்சத்தைத் தாண்டினால் இ-வே பில்லும் வேண்டும். வெளி மாநிலத்திலிருந்து வரும் சரக்குக்கு அந்த வரம்பு 50,000 ரூபாய்.

4. கொட்டேஷனில் என்ன இருக்க வேண்டும்?

"முழு செட் இவ்வளவு" என்று ஒரே வரியில் எழுதிக் கொடுத்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மோட்டாரின் வாட், என்கோடர் (எவ்வளவு சுற்றியது என்று அளப்பது), டிரைவ் (மோட்டாரை ஓட்டும் எலக்ட்ரானிக் பெட்டி) மாடல் எண், பால் ஸ்க்ரூவின் விட்டம், பிட்ச் (ஒரு சுற்றுக்கு நகரும் தூரம்), கிரேடு, கன்ட்ரோலர் மாடல், கேபிள் நீளம் எல்லாம் தனித்தனி வரியாக இருக்க வேண்டும். பிராக்கெட் செய்வது யார் பொறுப்பு, வயரிங் யார், ஓட்டிக் காட்டுவது யார், டிரைவ் எரிந்தால் மாற்றித் தருவது யார் என்பதும் எழுத்தில் வேண்டும். எனக்குப் பொருள் விற்ற ஒருவர் "சர்வீஸ் இருக்கு சார்" என்று வாயால் சொன்னார். டிரைவ் புகைந்த அன்று அவர் போன் சுவிட்ச் ஆஃப்.

முன்பணம் பாதிக்கு மேல் கொடுக்காதீர்கள். கடைசி 20 சதவீதத்தை, உங்கள் ஜாப் 50 பீஸ் அளவில் வந்த பிறகு என்று வைத்துக் கொள்ளுங்கள்.

5. மோட்டாரும் கன்ட்ரோலரும்

ஆறடி லேத்துக்கு இரண்டு அச்சிலும் 750 வாட் ஏ.சி. சர்வோ மோட்டார் போதும், நான் போட்டது அதுதான். ஸ்டெப்பர் மோட்டார் மலிவு. ஆனால் சாதாரண ஸ்டெப்பரில் லோடு ஏறி ஸ்டெப் விட்டுவிட்டால் மெஷினுக்கே அது தெரியாது. பீஸ் கெட்ட பிறகுதான் நமக்குத் தெரியும். பணம் இடித்தால் என்கோடர் வைத்த க்ளோஸ்டு லூப் ஸ்டெப்பருக்குப் போங்கள்.

கன்ட்ரோலரில் இரண்டு வழி. ஒன்று, கம்ப்யூட்டரில் மாக்3 அல்லது லினக்ஸ்சி.என்.சி. என்ற மென்பொருளைப் போடுவது. லினக்ஸ்சி.என்.சி. இலவசம், பலமானது. ஆனால் உட்கார்ந்து படிக்கப் பொறுமை வேண்டும். இன்னொன்று, தனி கன்ட்ரோலர் பெட்டி. நாங்கள் பெட்டிதான் வாங்கினோம். பட்டறைத் தூசியிலும் அடிக்கடி போய் வரும் கரண்டிலும் கம்ப்யூட்டரைக் காப்பாற்ற எனக்குத் தெம்பு இல்லை. வாங்கும்போது லேத்துக்கான கன்ட்ரோலரா, மில்லிங்குக்கானதா என்று கேளுங்கள். ஜி71 (கட்டுக் கட்டாகக் கடைவது), ஜி76 (மரை வெட்டுவது) போன்ற டர்னிங் சைக்கிள்கள் இருக்க வேண்டும், ஸ்பிண்டில் என்கோடர் இன்புட்டும் இருக்க வேண்டும்.

பழைய கம்ப்யூட்டரின் பேரலல் போர்ட்டில் (பழைய பிரிண்டர் இணைப்பில்) ஓட்டலாம் என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கைப் பாருங்கள். சர்வோ ஒரு சுற்றுக்கு 10,000 பல்ஸ் (கட்டளைத் துடிப்பு), ஸ்க்ரூ பிட்ச் 5 மி.மீ. என்றால் ஒரு மி.மீ.க்கு 2,000 பல்ஸ். மாக்3 பேரலல் போர்ட்டில் சாதாரணமாக நொடிக்கு 25,000 பல்ஸ் அனுப்பும். வகுத்துப் பாருங்கள்: நொடிக்கு 12.5 மி.மீ., நிமிடத்துக்கு 750 மி.மீ.தான் ஓடும். கையால் சுற்றினாலே அதைவிட வேகமாகப் போகலாம். டிரைவில் எலக்ட்ரானிக் கியர் அமைப்பு இருக்கும், அதில் சுற்றுக்கு 2,000 பல்ஸாக மாற்றினால் வேகம் ஐந்து மடங்காகும்.

6. பால் ஸ்க்ரூ

நீள அச்சுக்கு எவ்வளவு பெரிய ஸ்க்ரூவும் போடலாம், இடம் இருக்கிறது. கிராஸ் ஸ்லைடுக்கு அடியில்தான் இடம் இல்லை. பால் நட்டின் விட்டத்தை முதலில் அளந்து, அது உள்ளே நுழையுமா என்று பார்த்த பிறகே ஆர்டர் போடுங்கள். சாதாரண வேலைக்கு சி7 கிரேடு போதும்.

ஒரு முனையில் ஆங்குலர் காண்டாக்ட் பேரிங் வைத்து இறுகப் பிடிக்க வேண்டும். மறுமுனை மிதக்க வேண்டும். இரண்டு பக்கமும் இறுக்கினால் சூட்டில் நீளும்போது ஸ்க்ரூ வளையும்.

அப்புறம், நட்டை ஸ்க்ரூவிலிருந்து கழற்றாதீர்கள். தயவுசெய்து கழற்றாதீர்கள். பிராக்கெட்டில் பொருந்துகிறதா என்று பார்ப்பதற்காக நான் கழற்றினேன். உள்ளே இருந்த குண்டுகள் பட்டறை முழுக்க உருண்டன. மாலை வரை தரையில் தவழ்ந்து பொறுக்கியும் நான்கு குண்டு குறைந்தது. புது நட்டுதான் வாங்கினோம்.

வார்ப்பிரும்பு கடைபவர்கள் ஸ்க்ரூவுக்குக் கட்டாயம் மூடி போடுங்கள். அந்தக் கறுப்புத் தூள் ஆயிலோடு சேர்ந்தால் லேப்பிங் பேஸ்ட் மாதிரி ஆகி ஸ்க்ரூவைத் தின்றுவிடும்.

7. கரண்ட்

டிரைவ் எரிந்தது என்று சொன்னேனே, காரணம் இதுதான். 220 வோல்ட் டிரைவுக்கு ஒரு ஃபேஸும் நியூட்ரலும் எடுத்துக் கொடுத்திருந்தார் எலக்ட்ரீஷியன். ஒரு மழை நாளில் வெளியே நியூட்ரல் விட்டுப்போனது. 230 வர வேண்டிய இடத்தில் 400-ஐ நெருங்கி ஏதோ வந்திருக்கிறது. டிரைவ் புகைந்து 15,000 ரூபாய் போனது.

அதனால் 415 வோல்ட்டை 220 ஆக்கும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டு, அதன் இன்புட் பக்கத்தை இரண்டு ஃபேஸுக்கு நடுவே கொடுங்கள். நியூட்ரலை நம்பவே வேண்டியதில்லை. பேனலுக்கு நல்ல எர்த் வேண்டும், முடிந்தால் தனிக் குழி. சிக்னல் கேபிள் எல்லாம் ஷீல்டு வைத்தது, ஷீல்டை பேனல் பக்கம் மட்டும் எர்த் செய்யுங்கள். ஸ்பிண்டில் மோட்டார் கேபிளையும் என்கோடர் கேபிளையும் ஒரே குழாயில் போடாதீர்கள். போட்டால் மெஷின் தானாகவே 0.01, 0.02 என்று நகரும். பேய் பிடித்தது என்று நினைத்துக் கொள்வீர்கள்.

லிமிட் சுவிட்ச், எமர்ஜென்சி சுவிட்ச் எல்லாம் நார்மலி க்ளோஸ்டு (சாதாரணமாக மூடியிருந்து, அழுத்தினால் திறக்கும்) வகையில் இணைக்க வேண்டும். அப்போதுதான் வயர் அறுந்தாலும் மெஷின் நிற்கும். எமர்ஜென்சியை அழுத்தினால் கன்ட்ரோலருக்குச் செய்தி போவது மட்டும் போதாது, சப்ளையைத் துண்டிக்கும் கான்டாக்டர் விழுந்து டிரைவுக்கும் ஸ்பிண்டிலுக்கும் சப்ளை நிற்க வேண்டும்.

எல்லா மோட்டாரையும் கூட்டிப் பார்த்து, அனுமதி வாங்கிய லோடைத் தாண்டினால் மின்வாரியத்தில் கூடுதல் லோடுக்கு முன்பே விண்ணப்பியுங்கள்.

8. ஸ்பிண்டில்

பழைய மோட்டாரையே வைத்து, வேகத்தை மாற்றும் வி.எஃப்.டி. போட்டால் போதும். வேகத்தைக் குறைக்க வி.எஃப்.டி.யை மட்டும் நம்பாதீர்கள். மிகவும் குறைத்தால் மோட்டாரின் விசிறியும் மெதுவாகச் சுற்றும், மோட்டார் சூடாகும். கியரையோ பெல்ட்டையோ வைத்துக் கொள்ளுங்கள்.

உங்கள் சக் மரை போட்டு ஏற்றும் பழைய வகையா? அப்படியென்றால் ஸ்பிண்டிலைத் தலைகீழாகச் சுற்ற விடும் எம்04-ஐ கன்ட்ரோலரில் அடைத்துவிடுங்கள், நிறுத்தும் நேரத்தையும் 4, 5 நொடியாக வையுங்கள். சட்டென்று பிரேக் போட்டால் சக் சுழன்று கழன்று வெளியே வரும். இதில் விளையாடாதீர்கள், ஆள் உயிர் போகும்.

மரை வெட்ட வேண்டுமென்றால் ஸ்பிண்டிலுக்கு ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் பல் பெல்ட்டில் என்கோடர் வேண்டும். சுற்றுக்கு ஒருமுறை வரும் இண்டெக்ஸ் பல்ஸும் அதில் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் இரண்டாவது பாஸ் வேறு இடத்தில் விழுந்து மரையை அழிக்கும்.

9. முதல் ஓட்டம்

சக்கில் எதுவும் இல்லாமல், டூல் இல்லாமல், குறைந்த வேகத்தில் ஒரு நாள் முழுக்க முன்னும் பின்னும் ஓட விடுங்கள். டயலை வைத்து, 100 முறை போய் வந்த பிறகு முள் அதே இடத்துக்குத் திரும்புகிறதா என்று பாருங்கள்.

குறுக்கு அச்சில் ஒரு குழப்பம் வரும். கன்ட்ரோலர் விட்டக் கணக்கில் இருந்தால், 1 மி.மீ. கொடுத்தால் ஸ்லைடு 0.5 மி.மீ.தான் நகரும். இதைத் தப்பு என்று நினைத்து நான் பல்ஸை இரட்டிப்பாக்கி, ஐந்து பீஸைக் கெடுத்தேன். அதே காரணத்தால் குறுக்கு அச்சில் 0.02 லூஸ் இருந்தால் விட்டத்தில் 0.04 தெரியும். இந்த லூஸை ஈடுகட்ட பேக்லாஷ் காம்பென்சேஷன் என்று ஒரு பாராமீட்டர் (கன்ட்ரோலரில் பதியும் அமைப்பு எண்) இருக்கிறது. சின்ன லூஸுக்கு உதவும், பெரிய லூஸுக்கு அதை மருந்தாக்காதீர்கள். கட் ஏறும்போது ஸ்லைடு தானாக ஆடுவதை எந்தப் பாராமீட்டரும் தடுக்காது.

10. செலவும் நாளும்

ஜி.எஸ்.டி. சேர்க்காமல் எனக்கு ஆனது: பெட் கிரைண்டிங், ஸ்க்ரேப்பிங், லாரி 46,000. இரண்டு பால் ஸ்க்ரூ, பேரிங், கப்ளிங் 38,500. சர்வோ இரண்டு செட் 44,000. கன்ட்ரோலர் 42,000. வி.எஃப்.டி., என்கோடர், பெல்ட் 21,500. நான்கு டூலைத் தானே மாற்றும் எலக்ட்ரிக் டர்ரட் 38,000. பேனல், டிரான்ஸ்ஃபார்மர், கேபிள் 41,000. பிராக்கெட் வேலை 27,000. ஆயில் பம்ப், கூலண்ட், கார்டு 24,000. வயரிங் கூலி 18,000. கூட்டினால் 3.40 லட்சம். எரிந்த டிரைவுக்கு இன்னொரு 15,000. டர்ரட்டை முதலில் தள்ளிப்போட்டு கையாலேயே டூல் மாற்றி ஓட்டலாம், 38,000 பிறகு கொடுத்துக் கொள்ளலாம்.

நாளைப் பொறுத்தவரை, சரியான வரிசையில் செய்தால் ஏழு வாரத்தில் முடியும் என்று இப்போது தோன்றுகிறது. பெட் கிரைண்டிங்குக்குப் போன அன்றே பால் ஸ்க்ரூவுக்கும் ஆர்டர் போட்டுவிட வேண்டும், இரண்டும் இரண்டு மூன்று வாரம் எடுக்கும். பேனல் வயரிங்கை அந்தக் காத்திருப்பிலேயே மேஜை மேல் முடிக்கலாம். தீபாவளி, பொங்கலுக்கு முந்தைய மாதத்தில் ஆரம்பிக்காதீர்கள். பார்சலும் வராது, ஆளும் வரமாட்டார், உங்கள் கஸ்டமரோ அப்போதுதான் அவசரப்படுவார். மெஷின் நிற்கும் நாட்களுக்கு ஜாப்பை முன்கூட்டியே கடைந்து இருப்பு வையுங்கள்.

11. டர்னரும் பாராமீட்டரும்

எங்கள் டர்னர் அண்ணன் 22 வருடமாக லேத் பிடிப்பவர். முதலில் பக்கத்திலேயே வரவில்லை. "எனக்கு வேலை இல்லைன்னு சொல்லாம சொல்றீங்களா?" என்று நேராகவே கேட்டார். புரோகிராமிங் தெரிந்த பையன் ஒருவனை எடுத்துப் பார்த்தேன். புரோகிராம் சரியாக எழுதினான், டூல் எந்தச் சத்தத்தில் கத்துகிறது, எப்போது இன்செர்ட் (டூலின் வெட்டு முனை) போகிறது என்று அவனுக்குத் தெரியவில்லை. கடைசியில் அண்ணனையே உட்கார வைத்துப் பத்து நாள் கற்றுக் கொடுத்தோம். கட்டிங் ஸ்பீடு, ஃபீடு அவருக்குக் கைப்பழக்கம், எழுத்துதான் புதிது. இப்போது அவர் இந்த மெஷினில் ஜாப்பை ஓட விட்டு, பக்கத்து லேத்தில் வேறு ஜாப் கடைகிறார். அதற்கான கூடுதல் பணத்தை முதல் மாதத்திலிருந்தே கொடுத்துவிடுங்கள்.

எல்லாம் சரியாக ஓட ஆரம்பித்த அன்று மாலையே, கன்ட்ரோலரின் பாராமீட்டர்களை ஒரு பென் டிரைவில் எடுத்து வையுங்கள். சர்வோ டிரைவின் பாராமீட்டர் திரையை ஒவ்வொன்றாகப் போனில் படம் எடுத்து இன்னொருவருக்கும் அனுப்பி வையுங்கள். கன்ட்ரோலர் உள்ளே பேட்டரி இருந்தால் அதை மாற்றிய தேதியை பேனல் கதவில் மார்க்கரால் எழுதுங்கள். எங்கள் பேனல் கதவில் அந்தத் தேதிக்குக் கீழே அண்ணன் தன் கையெழுத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்: "சாவியைத் திருப்பும் முன் சக் கீயை எடுக்கவும்."